பற்று வரவு

முதல் அட்டவணையை எழுதியவன் நான்தான்.
பிரிக்பால், நகரசபை எழுத்தன்,
நுமிதியாவில் பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத
ஒரு மலையூர்.
அன்று அரசர் வேறு, ஆணை வேறு:
கிறிஸ்தவர் கூடும் வீட்டைத் திற. உள்ளதை எழுது.
புத்தகங்களைக் கொளுத்து.

வெள்ளிக் கிண்ணம் இரண்டு.
வெண்கல விளக்கு ஏழு, ஒன்றுக்கு மூக்கு இல்லை.
எண்ணெய்ச் சாடி நான்கு, ஒன்றில் பாதி.
இல்லாதவர்களுக்கென்று அடுக்கி வைத்திருந்த
பெண்கள் செருப்பு, முப்பத்தெட்டு ஜோடி.
பெரிய புத்தகம் ஒன்று.

மற்றப் புத்தகங்கள் எங்கே என்றார் அதிகாரி.
உதவிக்குரு யாதேர் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
வாசிப்பவர்களிடம் இருக்கிறது என்றார்.
எந்த வாசிப்பவர்?
நெடுநேரம் கழித்து, மிக்கின் என்றார்.
நான் அதை எழுதவில்லை.
அது பொருள் அல்லவே.

பிறகு ஒரு மாசி மாதம் கடல் தாண்டிச் செய்தி வந்தது.
வானத்தில் அரசர் ஏதோ பார்த்தாராம்,
கேடயங்களில் அதை வரையச் சொன்னாராம்,
ஒரு பாலத்தருகே வென்றாராம்.
எங்கள் வானத்தில் அன்று ஒன்றுமில்லை.
ஒலிவ மரங்களில் பூச்சி விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் எண்ணெய் வணிகன் போஸ்தார்
சனிதேவன்மேல் ஆணையிடுவதை நிறுத்திவிட்டான்.
சாடிகளின் கழுத்தில் புதிதாக ஒரு குறி கீறினான்,
தலைகீழாக.
சொல்லித் திருத்த யாருக்கும் தைரியம் வரவில்லை.

இரண்டாம் ஆணை: எடுத்ததையெல்லாம் திருப்பிக் கொடு.
சந்தைச் சதுக்கத்தில் நின்று
என் எழுத்தை நானே உரக்கப் படித்தேன்.
முன்வரிசையில் யாதேர், தோளில் புதுக் கம்பளி.
அன்று கதவை உடைத்த காவலன்
அவருக்குக் குடை பிடித்தான்.
கிண்ணம் இரண்டு, கருவூலத்திலிருந்து வந்தது.
விளக்கு ஆறு. ஏழாவதற்கு விலை.
செருப்பு முப்பத்தெட்டுக்கும் விலை.

கூட்டத்தின் பின்னாலிருந்து செக்குந்துலா கேட்டாள்,
தையல்காரி, கத்திப் பேசத் தெரியாதவள்:
மிக்கின் எத்தனையாவது வரியில் வருகிறார்?

நான் ஓலையைப் புரட்டினேன்.
இல்லை என்று தெரிந்தும் புரட்டினேன்.
மிக்கின் செப்புச் சுரங்கத்துக்குப் போனான்,
போனவன் போனவன்தான்.
யாதேர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.
வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

இனி நான் சொல்லப்போவது எந்தக் கணக்கிலும் கிடையாது.
செருப்பு முப்பத்தெட்டு அல்ல. முப்பத்தொன்பது.
சிவப்பு வார் வைத்தது ஒன்று,
என் மகள் நம்கிதேயின் காலளவு.
அன்று அங்கியின் மடிப்பில் வீட்டுக்கு வந்தது அது.
தெருவெல்லாம் அதில் ஓடினாள்.
இப்போது அவளுக்கே ஒரு மகள்.

அன்றிரவு பெட்டியடியிலிருந்து எடுத்துப் போய்
அவர்கள் வாசலில் வைத்தேன்.
காலையில் யாதேர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
அலுவலகம் வந்தார்.
எழுத்தரே, கணக்கில் ஒன்று கூடுகிறது.
இருவரும் அந்தத் தேய்ந்த குதிகாலைப் பார்த்தோம்.
எனக்குத் தெரியும் அவருக்குத் தெரியும் என்று.
அவருடையது எனக்குத் தெரியும் என்று அவருக்கும்.
நன்கொடை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.
எழுதினேன்.

நரைத்த பிறகு மூன்றாம் ஆணை.
மலைமேல் சனிதேவன் கோயில், உள்ளதை எழுது.
யாதேர் இப்போது ஆயர். பல்லக்கில் வந்தார்,
படியேற முழங்கால் ஒத்துழைக்கவில்லை.
தூபக்கால் மூன்று. வெண்கலக் கதவு ஒரு ஜோடி.
தேவன் தலை, பளிங்கு, தாடியில் பூசிய பொன்
பாதி உதிர்ந்தது.
பூசாரி ஒரு சொல்லும் பேசவில்லை.
அவர் நின்ற நிற்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன்,
விளக்குகளுக்கு எதிரே.

முற்றத்தில் ஒரு பையன் ஆட்டைப் பிடித்திருந்தான்.
இதையும் எழுதுவீர்களா?
ஆடு ஒன்று, இடக்கொம்பு ஒடிந்தது, எழுதினேன்.

உன் பெயர் என்ன என்றேன்.
அவன் கயிற்றைச் சுருட்டி இன்னும் இறுக்கிக்கொண்டான்.
எதற்கு? என்றான்.